டோக்கன் எண்பத்து மூன்று

கோட்டாவில் பல்லைத் தொடும் ஜனவரி.
வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு இறுக்கிவிட்டு
மஃப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு
சாலையைக் கடந்தேன்.
பதினோரு வருடத்தில்
அந்தப் பக்கம் தின்னப் போவது
இதுதான் முதல்முறை.

பத்தொன்பது எட்டு.
என் வண்டிக்கும் அந்தக் கடைக்கும் நடுவே அவ்வளவுதான்.
எண்ணுவதற்கு வேறெதுவும் இல்லாத மதியங்களில்
எண்ணியிருக்கிறேன்.

தாவூ கச்சோரி.
பலகையைச் சுற்றி பல்புகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.
என் டோக்கன் எண்பத்து மூன்று.
கூப்பிடுவது நாற்பத்தொன்று.

'என்ன சீத்தர்மல், வேவு பார்க்க வந்தாயா?' என்று
கல்லாவிலிருந்து குரல் வரும்,
பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்:
மருமகளுக்கு மசக்கை, இங்கிருந்துதான் வேண்டுமாம்.
(எனக்கு மகனே இல்லை.)
கல்லாக்காரன் நிமிர்ந்தான்.
என் முகத்தை நேராகப் பார்த்தான்.
சில்லறை இருக்கா என்றான்.

வரிசை முழுக்க கோச்சிங் பிள்ளைகள்.
ஒரே நிற ஸ்வெட்டர்,
ஒரே பை, ஒரே தூக்கம்.
எனக்கு முன்னால் நின்றவன் தர்பங்கா பையன், மனோரஞ்சன் ஜா.
கையில் பௌதிகக் குறிப்பு
மடித்து மடித்துத் துணியாகிவிட்ட காகிதம்.

எண்பத்து மூன்று!

தொன்னையை இரண்டு கையாலும் வாங்கினேன்,
ஏனென்று தெரியவில்லை, பிரசாதம் மாதிரி.

முதல் கடியில் ஆவி வரவில்லை.
இரண்டாவதில் உளுத்தம்பருப்பு, நறநறவென்று,
ஊறவே ஊறாமல்.
மூன்றாவதில் எண்ணெய்.
அந்த எண்ணெயை எனக்குத் தெரியும்.
முந்தாநாளையது.
அந்த நிறம் வந்ததும் நான் சாக்கடையில் கொட்டுவேன்,
கஜோடி திட்டத் திட்ட.
பெருங்காயம் எங்காவது ஒளிந்திருக்கும் என்று
கடைசி விள்ளல்வரை மென்றேன்.
இந்த ஊரில், பெருங்காயம் இல்லாத கச்சோரி.

சந்தோஷப்பட வேண்டியவன் நான்.
சந்தோஷம் வரவில்லை.

அது நன்றாக இருந்திருக்க வேண்டும்.
தின்றவன் கண் சொருகும்படி,
எதிரில் வண்டி தள்ளுகிறவன் தலை குனியும்படி
நன்றாக இருந்திருக்க வேண்டும்.
பதினோரு வருடத்துக்கு
அந்த ஒரு விளக்கமாவது மிச்சமிருக்கும் என்று
நம்பித்தானே சாலையைக் கடந்தேன்.

பையன் தன்னுடையதை வேகமாகத் தின்று
விரலைக் குறிப்பிலேயே துடைத்தான்.
'நல்லா இருக்கா தம்பி?'
'இதா?' சிரித்தான். 'மாவு.
அதோ அந்த வண்டில ரொம்ப நல்லா இருக்கும்,
ஒரு தடவை சாப்பிட்டிருக்கேன்.'
'பிறகு இங்கே ஏன்?'

தோளைக் குலுக்கினான்.
'அங்க உடனே குடுத்துடுவாங்க.
அஞ்சு நிமிஷத்துல திரும்ப ரூமுக்குப் போகணும்.
இங்கன்னா முக்கால் மணி நேரம்
யாராவது பக்கத்துல நிப்பாங்க.'

எழுபத்தைந்து பைசா எண்ணெய், ஒரு ரூபாய் மைதா என்று
எல்லாக் கணக்கும் போட்டிருக்கிறேன்.
இந்தக் கணக்கு என் நோட்டில் இல்லை.
அவனுக்குப் பின்னால் வரிசை
பால் பூத்துவரை போய்
வளைந்திருந்தது.
அதற்கும் அந்தப் பக்கம் என் வண்டி,
யாரோ படுத்துக் கிடப்பதுபோல் தார்ப்பாய்க்குள்.

வீட்டில் கஜோடி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.
கையை எடுக்காமலே கேட்டாள்:
'எப்படி?'

உண்மையை நாக்கு நுனிவரை கொண்டுவந்தேன்.
அவள் முழங்கைவரை மாவு.

'அருமை,' என்றேன்.
'பெருங்காயத்தை அவன் பொடியாப் போடறதில்லை.
ராத்திரியே வெந்நீர்ல ஊறப்போடறான்.
வித்தியாசமே அதுதான்.'

'அதானே பார்த்தேன்,' என்றாள்,
ஏதோ பெரிய பாரம் இறங்கியதுபோல.

இப்போது மணி பதினொன்று.
அடுப்பில் வெந்நீர் கொதிக்கிறது.
நான் தூங்குவதுபோல் கிடக்கிறேன்.
வீடு முழுக்க
பெருங்காயம்.